அடைக்கோழி ரெடி... நீங்க ரெடியா?

சந்தையிலோ திருவிழாக் கூட்டத்திலோ கலர் கோழிக்குஞ்சு வாங்கி வந்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று சாயம் ஏற்றிய குட்டிக் குஞ்சுகள். அட்டைப்பெட்டியில் விட்டு, நொய் தூவி, மூடியில் தண்ணீர் வைத்து, பெயர்கூடச் சூட்டியிருப்போம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் குஞ்சு விறைத்துக் கிடக்கும். பிள்ளைகள் அழுவார்கள். ``சாயம்தான் கொன்னுடுச்சு'' என்பார்கள் பெரியவர்கள்.

சாயத்தைவிடப் பெரிய எதிரி, குளிர். பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுக்கு உடம்பில் இருப்பது வெறும் பஞ்சு, இறகு இல்லை. உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் பக்குவமும் அதற்கு இன்னும் வரவில்லை. முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்கு வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி அளவில் அதைக் குறைத்துக்கொண்டே வரலாம். இரவில் 25 டிகிரி என்பது நமக்குச் சுகமான தூக்கம், குஞ்சுக்கோ நடுக்கம்.

அப்படியானால், அதே வயதுக் குஞ்சு கிராமத்துக் கொல்லையில் மார்கழிப் பனியிலும் துள்ளித் திரிகிறதே, எப்படி? அதற்கு மேலே ஒரு தாய்க்கோழி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் இன்று முதலில் விசாரிப்பது இன்குபேட்டர் விலையை. நான்கைந்து கோழி உள்ள வீட்டுக்கு அது தேவையே இல்லை. பொரிப்பான், வெப்ப விளக்கு, காவல்காரர், ஆசிரியர் எல்லாமாகவும் ஓர் அடைக்கோழியே இருக்கும். ஆனால், அதனாலும் முடியாத சில வேலைகள் உண்டு. எது அதன் வேலை, எது நம் வேலை என்று தெரிந்துகொண்டால், பொரித்த பத்தில் எட்டைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் இரண்டுகூட மிஞ்சாது.

திடீர் கோபக்காரி

நன்றாக மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒருநாள் முட்டையிட்ட கூடையை விட்டு எழுந்திருக்காது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்து, `குர்ர்ர்...' என்று உறுமும். கையை நீட்டினால் கொத்தும். எழுந்து நடந்தாலும் `கொக்... கொக்...' என்று ஒரே தாளத்தில் சத்தம். இதைத்தான் `அடைக்கு வந்திருச்சு' என்கிறோம். தென்மாவட்டங்களில் சில ஊர்களில் `அவயத்துக்கு வந்திருச்சு' என்பார்கள்.

புரோலாக்டின் என்ற ஹார்மோன் செய்யும் வேலை இது. முட்டையிடுவது நின்றுவிடும். வயிற்றுப்பக்கம் சிறகு உதிர்ந்து, வெறும் தோல் தெரியும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி, தோலின் சூடு நேராக முட்டைக்குப் போகும்.

நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன. அடைக்கு உட்காரும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து உருவாக்கிய இனம் அது. நம் நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடுவது 60 முதல் 80 முட்டைதான். 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு வந்துவிடும். `முட்டை கம்மி' என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அந்தக் குறைக்குப் பதிலாகக் கிடைப்பதுதான் தாய்மை.

குஞ்சு வேண்டாம், முட்டை போதும் என்றால்? அடை தெளிய வைக்கக் கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது என்ற பழக்கங்கள் உண்டு. பாவம், அந்த வதை வேண்டாம். கூடு, கூடை எதுவும் இல்லாத, அடியில் காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டில் மூன்று, நான்கு நாள் தீனி, தண்ணீரோடு விட்டுவைத்தால் தானாகத் தெளிந்துவிடும்.

எந்த முட்டையை வைப்பது?

கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் குஞ்சு வராது. அங்கே சேவலே கிடையாது. சேவலோடு திரிந்த கோழியின் முட்டைதான் வேண்டும். வீட்டில் சேவல் இல்லாதவர்களுக்குக் கிராமத்தில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு.

``மதினி, எங்க வெடை அடைக்கு நிக்குது. ஒங்க வீட்டு முட்டை இருந்தா பத்து குடுங்களேன். பொரிக்கிறதுல பாதி ஒங்களுக்கு.''

``பாதியெல்லாம் வேணாம் தாயி. எனக்கு ரெண்டு பொட்டக்குஞ்சு குடு, போதும்.''

பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று பேசிய பேச்சுதான்.

முட்டை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

* கோழி இட்ட முட்டைகள் எல்லாம் ஒரே வயது அல்ல. பதினைந்து முட்டை சேர மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் முதல் முட்டை பழசாகிவிடும். எனவே, முதலில் இட்டவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இட்டவற்றை அடைக்கு வையுங்கள். பற்றாததைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.
* சாதாரண நாளில் ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டை சரி. கோடையில் மூன்று, நான்கு நாளைத் தாண்டக் கூடாது. வெயில் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பாதியில் செத்துவிடும்.
* ஈர மணலின் மேல் மண்பானையை வைத்து, அதற்குள் முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கிச் சேமியுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது.
* முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது. எச்சம் அப்பிய முட்டையைத் தவிர்த்துவிடுவதே நல்லது.
* கோழியின் உடம்புக்கு அடியில் முழுதாக அடங்குகிற அளவுதான் வைக்க வேண்டும். சராசரி நாட்டுக்கோழிக்கு 10, 12 போதும். ஆசைப்பட்டுப் பதினெட்டு வைத்தால், ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே வீணாகும்.

ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், கூடையில் கரித்துண்டும் இரும்பும் போட வேண்டும், இல்லாவிட்டால் இடிச்சத்தத்தில் கூமுட்டையாகிவிடும் என்பார்கள் பாட்டிகள். இடிக்கும் கூமுட்டைக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? சித்திரை, வைகாசிக் கோடை மழையோடுதான் இடி வரும். முட்டை வெயிலில் கெடுவதும் அதே மாதங்களில்தான். பழி இடியின் மேல் விழுந்திருக்கலாம். இரும்பு போடுவதால் நஷ்டமில்லை. முட்டையை வெயிலில் வைக்காமல் இருந்தால் லாபம்.

இருபத்தொரு நாள் தவம்

பழைய மூங்கில் கூடை அல்லது வாயகன்ற மண்சட்டி போதும். அடியில் மணலும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும், மேலே வைக்கோல். நடுவில் லேசாகக் குழி. மழைச்சாரல் படாத, நாய், பிள்ளைகள் தொந்தரவு இல்லாத இருட்டு மூலை. இரவில் கோழியைத் தூக்கிவந்து உட்கார வைத்தால் அடம்பிடிக்காது. முதலில் இரண்டு சாதா முட்டையை வைத்து ஒருநாள் பாருங்கள். நிலையாக உட்கார்ந்தால், மறுநாள் இரவு நல்ல முட்டைகளை மாற்றிவிடலாம்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோழி எழுந்துபோன நேரத்தில் வேறொரு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டுப் போகும். கோடு இல்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் சில குஞ்சு பொரித்ததும் தாய் எழுந்துபோய்விடும். மிச்சம் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோகும்.

இன்குபேட்டர் 37.5 டிகிரியில் முட்டையை வைத்து, மோட்டார் போட்டுத் திருப்பிவிடுகிறது. கோழி அதை அலகாலும் காலாலும் செய்கிறது. ஓரத்து முட்டையை நடுவுக்கும், நடு முட்டையை ஓரத்துக்கும் நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் கை வைக்க வேண்டியதில்லை.

நம் வேலை வேறு. அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் எழும். 15, 20 நிமிடத்தில் திரும்பிவிடும். அந்த நேரத்தில் கம்பு, சோளம், தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே எச்சமாகப் பெரிதாக, நாற்றத்தோடு போடும்; நோய் என்று பயப்பட வேண்டாம். மண்ணும் சாம்பலும் கலந்து ஒரு குழி வைத்தால் புரண்டு குளித்துக்கொள்ளும். கோழிப்பேன் தொல்லை தாங்காமல் அடையைவிட்டு எழுந்துபோகும் கோழிகள் நிறைய. கூடையில் காய்ந்த வேப்பிலையும் போட்டுவைப்பது நம் ஊர் வழக்கம்.

ஏழாம் நாள் இரவு, செல்போன் டார்ச் போதும். முட்டையின் அகன்ற பக்கத்தை விளக்கின் மேல் வைத்து, வெளிச்சம் கசியாமல் கையால் மூடிப் பாருங்கள். சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகளும் நடுவே ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் கரு இருக்கிறது. தெள்ளத் தெளிவாக வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். அழுகி வெடித்தால் நல்ல முட்டைகளும் கெடும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். கரு அசைவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, அதன் பிறகு கோழியைக் கல்லால் அடிக்காது.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே கூடாது. இருபதாம் நாள் முட்டைக்குள்ளிருந்து `கீச்' சத்தம் வரும். தாய் மெல்லிய குரலில் பதில் சொல்லும். குஞ்சு அலகின் நுனியில் இருக்கும் சின்னப் பல் போன்ற முனையால் ஓட்டை உடைக்கத் தொடங்கும். முதல் விரிசலுக்கும் வெளியே வருவதற்கும் இடையில் பல மணி நேரம் ஆகும்; ஒருநாள்கூட ஆகலாம். `பாவமே' என்று ஓட்டைப் பிய்த்து உதவாதீர்கள். ஓட்டின் உட்சவ்வில் ரத்தக்குழாய்கள் இன்னும் வற்றாமல் இருக்கும். நாம் பிய்த்தால் ரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடும்.

பள்ளிக்கூடம் திறந்தாச்சு!

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி போட வேண்டும் என்று பதறத் தேவையில்லை. வெளியே வருவதற்கு முன்பே மிச்ச மஞ்சள் கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுவிடும். இரண்டு நாள் வரை அதுவே கட்டுச்சோறு. கடைசிக் குஞ்சு பொரிக்கும் வரை தாய் எழாமல் காத்திருப்பதற்கு இயற்கை வைத்த ஏற்பாடு இது.

அதன் பிறகு தொடங்கும் பாடத்தை எந்த இயந்திரமும் நடத்தாது. தரையைக் கிளறி, ஒரு புழுவை அலகால் எடுத்துப் போட்டு, மறுபடி எடுத்து, `கொக்கொக்கொக்' என்று வேகமாகக் கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து அதே இடத்தில் கொத்தும். பிரிட்டனில் கிறிஸ்டின் நிக்கோல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. தனக்குப் பிடிக்காத தீனி என்று தாய் பழகிவைத்திருந்த நிறத்துத் தீனியைக் குஞ்சுகள் தின்பதைப் பார்த்ததும், தாய் நல்ல தீனியை இன்னும் வேகமாகக் கிளறிக் கொத்திக் காட்டியது. பிள்ளை தப்பு செய்கிறது என்று கண்டு, பாடத்தை அழுத்திச் சொல்கிற டீச்சர்!

2011-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. குஞ்சுகளின் மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயத் துடிப்பு கூடியது. குஞ்சுகளைக் கூப்பிடும் சத்தமும் அதிகரித்தது. `கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை.

வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் பூனை வந்தால் வேறொரு குரல். முதல் குரலுக்குக் குஞ்சுகள் செடிக்கு அடியில் ஒடுங்கி உறைந்துவிடும். தன்னைப்போல் பல மடங்கு பெரிய நாயின் முகத்தில் பாய்கிற தைரியமும் அதே கோழிக்கு வந்துவிடும்.

ஒரு சின்ன உபாயம். இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடைக்கு வைத்தால், பொரித்த முதல் ஓரிரு நாளுக்குள் இரவில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே தாயின் இறக்கைக்குள் மெல்லத் தள்ளிவிடலாம். விடிந்ததும் எல்லாம் அதன் பிள்ளைகளே. குஞ்சுகளைப் பிரிந்த கோழி சீக்கிரமே முட்டைக்குத் திரும்பும். ஆனால் 15 குஞ்சைத் தாண்ட வேண்டாம். இறக்கைக்கும் எல்லை உண்டு.

தாயால் முடியாதவை மூன்று

முதலாவது, இரவு. கீரி, பாம்பு, காட்டுப்பூனை, பெருச்சாளி வருகிற நேரத்தில் கோழிக்குக் கண் தெரியாது. பொழுது சாய்ந்ததும் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் அடைத்து, மேலே ஒரு கல் வையுங்கள். கீரி நுழையாத அளவுக்கு இடுக்கு சின்னதாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தரை ஈரம் ஏறாமல் அடியில் பலகையோ சாக்கோ, மேலே தார்ப்பாயோ போடுங்கள். நனைந்த குஞ்சைத் தாயின் சூடும் காப்பாற்றாது. முதல் இரண்டு வாரம் பகலிலும் வெட்டவெளியில் விடாமல், மரநிழல், வேலியோரம் என்று பருந்தின் கண்ணுக்கு மறைவாக மேயவிடுவது நல்லது.

இரண்டாவது, தட்டும் தண்ணீரும். ஆழமான பாத்திரத்தில் குஞ்சு விழுந்து இறப்பது சர்வ சாதாரணம். தட்டையான சட்டியில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் வாரம் நொய்யும் உடைத்த கம்பும் கேழ்வரகும் போதும். ஆனால் வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். அதற்குக் காசில்லாத வழி கரையான். பழைய பானைக்குள் கிழிந்த சணல் சாக்கையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள மண்ணில் சாயங்காலம் கவிழ்த்துவைத்தால் காலையில் பானை நிறையக் கரையான். தட்டிவிட்டதும் குஞ்சுகள் போடும் போட்டியைப் பார்க்க வேண்டுமே!

மூன்றாவதுதான் பெரியது: வெள்ளைக்கழிச்சல். உத்தரகாண்ட் மாநிலத்தின் ராணிகேத்தில் 1920-களில் கண்டறியப்பட்டதால் `ராணிக்கெட்' என்றும் இதற்குப் பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், தொங்கிய இறக்கை, வாயைத் திறந்து மூச்சு, முறுக்கிக்கொள்ளும் கழுத்து. வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்து கிடையாது. நேற்றுவரை கொல்லை நிறைய இருந்த கோழிகள் ஒரு வாரத்தில் காலியாகும். கோடையில் ஊர் ஊராகப் பரவும்.

தடுக்க முடியும். பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா. நான்காவது வாரம் மறுபடி சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. இதில் கிராமத்துச் சிக்கல் ஒன்று உண்டு. மருந்துக் குப்பியில் நூறு, இருநூறு கோழிகளுக்கான அளவு இருக்கும். நம்மிடம் இருப்பதோ பத்துக் குஞ்சு. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே தெருவில் நான்கு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் வழி. ஐஸ் வைத்த டப்பாவில் மருந்தை வாங்கி வர வேண்டும். வெயிலில் சூடான மருந்து வெறும் தண்ணீர். தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இரண்டு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தேதியைக் கேட்டுவையுங்கள்.

நோயுற்ற கோழியை அவசரமாகச் சந்தைக்கு விற்றுவிடுவது ஒரு பழக்கம். அடுத்த ஊருக்கு நோயைக் கூடையில் வைத்து அனுப்புகிற காரியம் அது. இறந்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

சிறுவாட்டுக் கணக்கு

கிராமத்து வீடுகளில் நெல் விற்ற காசு ஆண்கள் கைக்குப் போகும். கோழி விற்ற காசு மட்டும் வீட்டு அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் போகும். பிள்ளையின் நோட்டுப் புத்தகம், திடீர்க் காய்ச்சலுக்கு மாத்திரை, மகள் வீட்டுக்குப் போக பஸ் காசு, யாரிடமும் கை நீட்டாமல் செலவழிக்க முடிகிற பணம் அது.

ஒரு கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளை வளர்த்துவிட ஏறத்தாழ நான்கு மாதம். ஆண்டுக்கு மூன்று ஈடு. ஈட்டுக்கு 12 முட்டை வைத்துப் பத்து பொரிந்தது என்று வைத்துக்கொள்வோம். பார்வை இல்லாமல் விட்டு மூன்று தேறினால் ஆண்டுக்கு ஒன்பது கோழி. இரவில் அடைத்து, ஏழாம் நாள் சொட்டு மருந்து போட்டு எட்டு தேறினால் இருபத்து நான்கு. கோழி அதேதான், முட்டை அதேதான். கூடிய பதினைந்தும் நம் கவனிப்பின் கூலி. நான்கு அடைக்கோழி உள்ள வீட்டில் அது அறுபது கோழி. அதன் விலையை நீங்களே உங்கள் ஊர்ச் சந்தை விலையில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுகளுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது, ஒருநாள் தாய் வழக்கம்போல் கிளறும். பிள்ளைகள் ஓடிவரும். இந்தமுறை அது கூப்பிட்டிருக்காது. முன்னால் வந்த குஞ்சின் தலையில் சுள்ளென்று ஒரு கொத்து விழும். குஞ்சு கத்திக்கொண்டு விலகும். மறுபடி வரும், மறுபடி கொத்து. இரக்கமில்லாதது போல் தெரியும். ஆனால், இறகு முளைத்துவிட்டது, புழு தேடத் தெரிந்துவிட்டது, பருந்தின் நிழலுக்குப் பதுங்கவும் தெரிந்துவிட்டது. இனி சொல்லித்தர ஒன்றும் பாக்கியில்லை. இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் தனிக்கூட்டமாக மேயத் தொடங்கும். தாய், சேவலோடு திரியப் போய்விடும். அடுத்த சில வாரங்களில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஒரு கேரல் சத்தம் கேட்கும். போய்ப் பாருங்கள், சூடு ஆறாமல் ஒரு முட்டை கிடக்கும். கூடையைத் தட்டி வெயிலில் காயவைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது!